சுடோகுவில் என்னை இன்னும் உறுத்தும் ஒரு தவறு

போன வாரம் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பையன் பத்திரிகைச் சுடோகுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அரக்கோணம் வருவதற்குள் கடைசி வரிசையில் இரண்டு 6 வந்து நின்றது. ஒரு வரிசையிலோ, நெடுவரிசையிலோ, ஒன்பது கட்டப் பெட்டியிலோ 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறைதான் வர வேண்டும். தாளைக் கசக்கிவிட்டான். நான் வாங்கி விரித்துப் பார்த்தேன். பல வருஷம் முன்பு நான் சறுக்கிய அதே இடம்.

கணக்கு வராது என்று ஒதுங்குவது

இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எண்களுக்குப் பதில் ஒன்பது எழுத்துகளை வைத்தாலும் இதே புதிர்தான். இதை உருவாக்கியவராகக் கருதப்படும் ஹோவர்ட் கார்ன்ஸே கணித அறிஞர் அல்ல, ஓய்வுபெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1979-ல் டெல் பதிப்பகத்தின் புதிர் இதழில் 'நம்பர் பிளேஸ்' என்று வந்தது. 1984-ல் ஜப்பானின் நிக்கோலி என்ற புதிர்ப் பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. 'எண் கல்யாணமாகாமல் தனியாகத்தான் இருக்க வேண்டும்' என்ற நீளமான ஜப்பானியத் தொடரைச் சுருக்கித்தான் சுடோகு என்ற பெயர் வந்தது.

ஊகித்து எழுதுவது

வேண்டாம்.

பென்சில் குறிப்பை மாற்றிப் படிப்பது

குறிப்பெழுத இரண்டு முறை உண்டு. ஒரு கட்டத்தில் வரக்கூடிய எல்லா எண்களையும் பொடியாக எழுதுவது ஒன்று. முன்னாள் உலக சுடோகு சாம்பியன் தாமஸ் ஸ்னைடரின் பெயரால் வழங்குவது மற்றது: ஒன்பது கட்டப் பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் மிஞ்சினால் மட்டும் அந்த இரண்டிலும் அதை எழுதுவது. முதல் முறையில் '4 7' என்றிருந்தால் அங்கே வேறெதுவும் வராது. இரண்டாவதில் 2-ம் வரலாம், 9-ம் வரலாம்.

பையனின் ஐந்தாம் வரிசையில், இடது பெட்டியின் ஒரு கட்டத்தில் '4 7', வலது பெட்டியின் ஒரு கட்டத்திலும் '4 7'. இரண்டுமே ஸ்னைடர் முறைக் குறிப்பு. அவனோ ஜோடி, அதாவது அதே இரண்டு எண்கள் மட்டுமே வரக்கூடிய இரண்டு கட்டங்கள், கிடைத்துவிட்டது என்று அந்த வரிசையின் மற்றக் கட்டங்களில் 4-ஐயும் 7-ஐயும் அடித்துவிட்டான். வலது கட்டத்தில் 2 வருவதற்கும் இடமிருந்தது.

இந்தத் தவறு உடனே தெரியாது, அதுதான் கொடுமை. அடுத்த பதினைந்து இருபது எண்களை நாம் சரியாகவே யோசித்து நிரப்புவோம். முட்டி நிற்கும்போது எதை அழிப்பது என்றே தெரியாது. ஒரு போட்டியில் கடைசிப் புதிரை இப்படித்தான் கோட்டைவிட்டேன். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

பெட்டிக்கான குறிப்பைக் கட்டத்தின் மூலையிலும், முழுப் பட்டியலை நடுவிலும் எழுதுங்கள். வரிசையில் ஜோடி தேடும்போது நடுவில் இருப்பதை மட்டும் நம்புங்கள். ஒரே பெட்டிக்குள் 4-க்கும் 7-க்கும் அதே இரண்டு கட்டங்கள்தான் என்று மூலைக் குறிப்பு சொன்னால், அது அசல் ஜோடி.

கொடுத்த எண்களை எண்ணிப் பயப்படுவது

ஒரே விடை வர குறைந்தது 17 எண்கள் கொடுத்தாக வேண்டும் என்று கணித அறிஞர் கேரி மெக்குவயரின் குழு 2012-ல் கணினி கொண்டு நிறுவியது. அப்படி 17 மட்டுமே கொடுத்த புதிர்களில் சுலபமானவையும் உண்டு. முப்பது எண்கள் கொடுத்தும் ஒரு மணி நேரம் வாட்டியவை என்னிடம் இருக்கின்றன.