கதைப்பின்னல் போடுவது எப்படி? சிலப்பதிகாரத்தைப் பிரித்துப் பார்த்து ஒரு பயிற்சி

புதிதாக எழுதுபவர்களிடம் சம்பவங்களுக்குப் பஞ்சமிருக்காது. அவற்றைக் கட்டும் காரணம்தான் இருக்காது. அந்தக் கட்டைப் பார்க்கச் சிலப்பதிகாரம் வசதி. முடிவைப் போட்டு உடைத்துவிட்டோமே என்ற கவலையும் இல்லை.

படி 1: சம்பவங்களை எட்டு வரிக்குள் எழுதுங்கள். வரிகளுக்கு நடுவே ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ போட்டுப் படியுங்கள். மாதவியின் பாட்டைத் தவறாகப் புரிந்துகொள்கிறான் கோவலன். அதனால் பிரிந்து வீடு திரும்புகிறான். ஆனால் செல்வமெல்லாம் கரைந்துவிட்டது. அதனால் சிலம்பை விற்க மதுரைக்குப் போகிறான். ‘பிறகு’ என்று மட்டுமே போட முடிகிற இடத்தில் கதை அறுந்திருக்கிறது. ஒரு காரணம் எழுதுங்கள், அல்லது அந்தச் சம்பவத்தையே வெட்டுங்கள்.

படி 2: சிக்கலைச் சீக்கிரம் தொடங்குங்கள். பிரிவு நேரும் கானல்வரி, 30 காதைகளில் (அத்தியாயங்களில்) 7ஆவது. காப்பியத்துக்கு அந்த நிதானம் பொருந்தும். 1,500 சொல் சிறுகதையில் முதல் 200 சொல்லுக்குள் ஏதாவது குலைந்தாக வேண்டும்.

படி 3: உச்சத்தை முதலில் முடிவு செய்து, பின்னோக்கி வாருங்கள். வழக்குரை காதையில், தேவியின் சிலம்பில் இருப்பது முத்துப் பரல் (உள்ளே ஒலிக்கும் மணி) என்கிறான் பாண்டியன். தன்னுடையதில் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. இந்தச் சிலம்பு அங்கே திடீரென்று முளைக்கவில்லை. 11 காதைகளுக்கு முன்பே, ‘சிலம்பு உள கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்று கண்ணகி கணவனிடம் சொல்லிவிட்டாள். உங்கள் உச்சத்தைத் தீர்க்கும் பொருளோ பழக்கமோ முன்பாதியில் ஒருமுறை, வேறு வேலையாக வந்ததுபோல், வாசகர் கண்ணில் பட வேண்டும். அழுத்திக் காட்டினால் முடிவை ஊகித்துவிடுவார்.

படி 4: தற்செயலைச் சரியான பக்கம் வையுங்கள். கோவலன் சிலம்பைக் காட்டுவது, அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே! ஆனாலும் உறுத்துவதில்லை, ஏனென்றால் அது கோவலனை மாட்டிவிடுகிறது. அதே தற்செயல் காப்பாற்றியிருந்தால் யார் நம்புவார்கள்? மன்னன் விசாரிக்காததற்கும் காரணம் இருக்கிறது: ஊடிப்போன தேவியைச் சமாதானப்படுத்தும் அவசரம்.

படி 5: உச்சத்துக்குப் பின் நீட்டாதீர்கள். காப்பியத்தின் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டத்துக்கு 7 காதைகள் தேவைப்பட்டன. சிறுகதைக்கு 100 சொல் தாராளம். யார் யார் என்ன ஆனார்கள் என்று பட்டியல் போடத் தோன்றினால் உச்சம் சரியாக விழவில்லை என்று பொருள். படி 3க்குத் திரும்புங்கள்.