நெஞ்சில் கை வைக்கும் முன்பே தொலைந்துபோகும் நிமிடங்கள்

அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் யார் தெருவில் சாய்ந்தாலும், சுற்றி நிற்பவர்கள் வாயில் முதலில் வருவது "வெயில் மயக்கம்". ஒருவர் சோடா வாங்க ஓடுவார், இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் விழுந்தவரின் இதயமே நின்றிருந்தால், அந்தச் சோடா வரும் நேரம்தான் அவருக்கு இருந்த நேரம்.

நான் 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர். ஒருமுறை மண்டித் தெருவில் போய் இறங்கியபோது, மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் தரையில் கிடந்தார். சாவிக்கொத்தை அவர் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்திருந்தார்கள். "வலிப்பு வந்துச்சுங்க, இப்ப அடங்கிடுச்சு. மூச்சு இருக்குது பாருங்க" என்றார் கடைக்காரர். வாய் திறந்து ஒரு இழுப்பு. அப்புறம் எட்டு, பத்து நொடி ஒன்றுமில்லை. மறுபடி கரகரவென்று ஒரு இழுப்பு. அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வரக்கூடிய வெறும் அனிச்சை. முதலில் வந்த உதறலும் மூளைக்கு ரத்தம் போகாததால் வந்ததுதான்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். நாடி தேட வேண்டாம். பழக்கமில்லாதவருக்குத் தன் விரலில் துடிப்பதே அவருடைய நாடி போலத் தெரியும்.

அடுத்த தவறு நம் ஊருக்கே உரியது. "சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துலதானே" என்று ஆட்டோவில் உட்காரவைத்துத் தூக்கிப்போவது. காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டி வரும்வரை நெஞ்சில் யார் கையும் இருக்காது. அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியானாலும் போன நிமிடங்களைத் திருப்பித் தர முடியாது.

கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ வைத்து அழுத்தினால் கட்டில்தான் கீழே போகும், நெஞ்சு போகாது. தரையில் இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வரவேண்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டு நிறைய பேர் கையை எடுத்துவிடுகிறார்கள். எலும்பு சேர்ந்துவிடும், தொடருங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. கூட்டம் கத்துகிறது என்று அவசரமாக ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிடுவோம். ஓடும் வண்டியில் அழுத்தம் சரியாக விழாது. கையால் அமுக்கி மூச்சுக் காற்றை உள்ளே செலுத்தும் ஆம்பு பையைப் பதற்றத்தில் அமுக்கித் தள்ளினால் நெஞ்சுக்குள் காற்றழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, அவ்வளவுதான்.

கிணற்றிலோ பாலாற்று மணல் பள்ளத்திலோ மூழ்கியவர் விஷயம் மட்டும் வேறு. அங்கே குறைவது காற்று. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள், தலைகீழாகச் சுற்றாதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டு, அப்புறம் நெஞ்சை அழுத்துங்கள்.