குன்னூர் வீட்டு டிவியில் ‘எ பக்ஸ் லைஃப்’: அனிமேஷன் படத்தின் நிறம் கெடாமல் பார்க்க

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். அந்த நாட்களில் போடும் படம் நன்றாகத் தெரிய என்னென்ன செய்யலாம் என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். டிவி மெனுவை இதுவரை திறந்தே பார்க்காதவர்களும் செய்யலாம்.

எடுத்துக்காட்டுக்கு 1998-ல் வந்த பிக்சாரின் ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தை வைத்துக்கொள்வோம். எறும்புகளும் வெட்டுக்கிளிகளும் வரும் கதை. இதை எடுத்தவர்கள் ஒரு குட்டி கேமராவைச் சக்கரத்தில் பொருத்திப் புல்லுக்குள் ஓட்டி, பூச்சியின் கண்ணுக்குத் தோட்டம் எப்படித் தெரியும் என்று பார்த்தார்கள். இலைக்குள் வெயில் ஊடுருவும் அந்த வெளிர்பச்சைதான் படம் முழுக்க இருக்கிறது. தேயிலைச் செடிக்கு அடியில் குனிந்து மேலே பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை நன்றாகத் தெரியும். உங்கள் டிவியிலும் அது அப்படியே வர வேண்டும்.

அப்படி வருவதற்கு வழியும் இருக்கிறது. இதன் டிவிடி 1999-ல் வந்தபோது, ஃபிலிம் சுருளிலிருந்து நகல் எடுக்காமல் கணினியில் இருந்த படத்தையே நேராக டிஸ்க்குக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே கீறல், தூசி, ஆட்டம் எதுவும் மூலத்தில் கிடையாது. திரையில் குறை தெரிந்தால் டிஸ்க்கில் அடக்கிய விதத்தையோ, உங்கள் டிவியையோ, அறையையோதான் பார்க்க வேண்டும்.

1. எந்த டிஸ்க்?

கிடைத்தால் ப்ளூ-ரே வாங்குங்கள். நம் நாட்டில் விற்கும் டிவிடியில் ஒரு காட்சி 720×576 புள்ளிகள், ப்ளூ-ரேயில் 1920×1080. டிவிடியில் படத்துக்கான தகவல் நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், ப்ளூ-ரேயில் 40 வரை போகலாம். புல்வெளி முழுக்க எறும்புகள் ஓடும் காட்சியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, சினிமா நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 ஃபிரேம்கள். நம் நாட்டு டிவிக்கான ‘பால்’ (PAL) முறை டிவிடி அதை 25 ஆக ஓட்டுவதால் 95 நிமிடப் படம் ஏறக்குறைய 91 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். வெளிநாட்டிலிருந்து யாராவது டிஸ்க் வாங்கி வருவதாக இருந்தால் அது எந்த நாடுகளுக்கானது என்று காட்டும் மண்டலத்தை (ரீஜன்) பார்க்கச் சொல்லுங்கள்: இந்தியாவுக்கு டிவிடியில் 5, ப்ளூ-ரேயில் சி.

பழைய சதுரத் திரைக்கான ‘ஃபுல் ஸ்கிரீன்’ பதிப்பு கிடைத்தால் வேண்டாம். ஓரத்தில் இருந்த பாத்திரங்களைக் கணினியிலேயே உள்ளே நகர்த்தி அதைச் செய்தார்கள். திறமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எறும்புக் கூட்டத்தின் முன் உலகம் எவ்வளவு அகலம் என்று காட்டுவதே இந்தப் படத்தின் அழகு. அந்த அகலம் அதில் போய்விடுகிறது.

2. ஈரம்

மலை வீடுகளில் இதுதான் பெரிய தொல்லை. குளிரில் கிடந்த பிளேயரை அடுப்போ ஹீட்டரோ எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் லென்ஸில் நீர் பூக்கும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ப்ளூ-ரேயில் பதிவு இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

3. கேபிள்

எச்டிஎம்ஐ கேபிள் போதும், விலை கூடியது தேவையில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளில் ப்ளூ-ரேயின் முழுத் தெளிவு வராது.

4. டிவி செட்டிங்ஸ்

இங்கேதான் பொறுமை வேண்டும். டிஸ்க்கை ஓடவிட்டுக்கொண்டே மாற்றுங்கள்.

முதலில் பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள். ‘விவிட்’ என்பது கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்கானது, அதில் இலைப் பச்சை பெயின்ட் பச்சையாகிவிடும். சினிமா மோடுக்கு வந்ததும் படம் மஞ்சளாகத் தோன்றும். பழைய நீலம் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

அடுத்து மோஷன். சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’ என்று இருக்கும். அணைத்துவிடுங்கள். இவை இரண்டு சட்டங்களுக்கு நடுவே இல்லாத சட்டத்தை டிவியே கற்பனையில் வரைந்து செருகுகின்றன. அனிமேஷனில் ஒவ்வொரு அசைவையும் கலைஞர்கள் சட்டம் சட்டமாக யோசித்து அமைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவே இயந்திரம் கை வைப்பது எனக்குப் பொறுக்காது. பிளேயரில் ‘24பி’ என்று இருந்தால் அதை மட்டும் ஆன் செய்யுங்கள், அது சினிமாவின் 24 சட்டங்களை அப்படியே அனுப்பும்.

ஷார்ப்னஸைப் படிப்படியாகக் குறையுங்கள். எறும்புகளின் உடலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது மறையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

திரை அளவை, ஓரம் வெட்டாமல் முழுப் படத்தையும் காட்டும் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’டில் வையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது சரிதான். படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு, டிவியுடையது 1.78. பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் செய்தால் இரு ஓரங்களிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட கால்வாசிப் படம் வெட்டுப்படும்.

5. அறை

பனிமூட்டம் சூழ்ந்த பகலில் ஜன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம் வரும். திரைக்கு எதிரே ஜன்னல் இருந்தால் கெட்டியான போர்வையைக் கட்டுங்கள். இரவானால் டிவிக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். 43 அங்குல டிவிக்கு ஐந்தரை அடி தூரத்தில் உட்காரலாம்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது பேச்சு கேட்காது. உடனே சத்தத்தைக் கூட்டினால் வெட்டுக்கிளிகள் வரும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். பிளேயரில் ‘நைட் மோட்’ அல்லது ‘டிஆர்சி’ என்று இருக்கும். அது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அடக்கிக் கொடுக்கும். தனி ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் பிளேயரின் ஒலியை ‘ஸ்டீரியோ’வில் வையுங்கள்.

6. சரிபார்ப்பு

தொடக்கத்தில் எறும்புகள் வரிசையாகப் போகும்போது ஓர் இலை குறுக்கே விழும். அங்கே இலை நரம்புகள் தெரிகின்றனவா பாருங்கள். அடுத்து, கடைசிப் பகுதியில் வரும் இரவு மழை. இருட்டில் புல் தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் ‘பிரைட்னஸ்’ஸை ஒரு புள்ளி ஏற்றுங்கள், கறுப்பு வெளுத்துச் சாம்பலானால் ஒன்று இறக்குங்கள். வானத்தில் நிறம் படிப்படியாக வரி வரியாகத் தெரிந்தால் டிவி மெனுவில் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ ஆனில் இருக்கிறதா என்று தேடி அணையுங்கள். இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு அந்த வரிகள் கொஞ்சம் கூடவே இருக்கும், வேகம் குறையும்போது அதிகமாகும்.

எல்லாம் முடிந்ததும் இந்த மாற்றங்களை அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு மட்டும் சேமியுங்கள். பெரும்பாலான டிவிகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக வைக்கலாம். அப்படிச் செய்தால் தாத்தா பார்க்கும் கிரிக்கெட்டும் பாட்டியின் சீரியலும் அவர்களுக்குப் பழகிய நிறத்திலேயே இருக்கும்.