வாகைகுளம் ஏர்போர்ட்டை வைத்துப் பிழைப்பது எப்படி

2025 ஜூலை 26-ஆம் தேதி வாகைகுளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், புது டெர்மினல் திறந்ததில் இருந்து எங்கள் பக்கம் ரெண்டே பேச்சுதான். "இனி நம்ம பிள்ளைகளுக்கு அங்கயே வேலை கிடைக்கும்லா" என்று ஒரு கூட்டம், "அந்த ரோட்டுல ரெண்டு சென்ட் வாங்கிப் போட்டா போதும்வே" என்று இன்னொரு கூட்டம். பாளையங்கோட்டையில் டிராவல்ஸ் நடத்தும் என் மைத்துனரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் போட்டு நான் தெரிந்துகொண்டது வேறு. அந்த ஏர்போர்ட்டால் வரும் காசில் பெரும்பகுதி கட்டடத்துக்கு வெளியேதான் புழங்குகிறது. அதில் நம் பங்கை எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, வருகிறவர்களை எண்ணுவது. புது டெர்மினல் 17,340 சதுர மீட்டர், நெரிசல் நேரத்தில் மணிக்கு 1,350 பேர், வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வரை தாங்கும் என்று அறிவித்தார்கள். இதைக் கேட்டதும் பலரும் துள்ளிக் குதிக்கிறார்கள். குளத்தை ஆழமாக வெட்டியாச்சு, சரி, தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று மடையில் போய் நின்று பார்க்க வேண்டாமா? ஐரோப்பாவில் தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: 10 லட்சம் பயணிகள் வந்துபோனால் விமான நிலைய வளாகத்துக்குள் 1,000 வேலை. நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது, ஆனால் ஒன்று புரியும்: வேலை கட்டடத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை, ஆள் வந்து இறங்குவதைப் பார்த்துத்தான் வரும். ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி (மத்திய அரசின் விமான நிலைய ஆணையம்) ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மாதாமாதம் பயணிகள் எண்ணிக்கையை வெளியிடுகிறது. கடனுக்கு வண்டி எடுக்கும் முன், லாட்ஜுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன், ஒரு வருஷத்து எண்ணிக்கையை எடுத்து வைத்துப் பாருங்கள்.

கூடவே ஓடுபாதையையும் கவனியுங்கள். பழைய பாதை 1,350 மீட்டர்தான், அதனால் இறக்கை விசிறி சுற்றும் ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானங்கள் மட்டும் வந்தன, ஒன்றில் ஏறத்தாழ 78 பேர். விரிவாக்கத் திட்டம் 3,115 மீட்டருக்கு, ஏர்பஸ் ஏ321 வகை இறங்கும் அளவு. பெரிய விமானங்கள் அட்டவணையில் நிரந்தரமாக இடம் பிடிப்பதுதான் ரெண்டாவது வண்டி வாங்குவதற்கான அறிகுறி, அதற்கு முன்னால் அவசரப்படாதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். விமானத்தில் இருந்து இறங்குகிற எல்லோரும் நமக்குக் காசு கொண்டுவருகிறவர்கள் கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன் அம்மா கையால் சாப்பிட வருகிறான், அப்பா பைக்கில் வந்து கூட்டிப்போகிறார், டாக்ஸிக்காரருக்கு அதில் என்ன மிச்சம்? இங்கிருந்து சென்னைக்குப் போகிறவரோ தன் காசை அங்கே போய்ச் செலவழிக்கிறார். நமக்கு வேண்டியது வெளியூரில் இருந்து வந்து, தங்கி, சாப்பிட்டு, சுற்றிவிட்டுப் போகிற ஆள். ஒரு பேச்சுக்கு, ஒரு ஏடிஆரில் 60 பேர் வந்தார்கள், அதில் 20 பேர் அப்படிப்பட்டவர்கள், ஆளுக்கு ரெண்டு நாளில் 5,000 ரூபாய் செலவழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விமானத்தில் ஒரு லட்சம் ரூபாய் நம் பக்கம் இறங்கியிருக்கிறது. அந்த லட்சம் டிரைவர் சம்பளமாகி, பாளை மார்க்கெட்டில் காய்கறியாகி, பிள்ளையின் டியூஷன் பீஸாகி இன்னும் ரெண்டு மூன்று கை மாறும். அதே பணம் வெளியூர்க் கம்பெனியின் டாக்ஸி செயலிக்கும் வெளியூர் ஹோட்டல் குழுமத்துக்கும் போனால் அன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்பிவிடும். ஆக யார் வருகிறார் என்பதோடு யார் கையில் கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, அந்த ஆள் யார்? வாரநாளில் வருகிறவர் பெரும்பாலும் வேலையாக வருகிறவர்: கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு, தூத்துக்குடி துறைமுகத்துக்கு, வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலைக்கு. நாளை குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளம் வந்தால் அதற்கும். நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி தூங்கிக்கொண்டே கொண்டுவிடும்போது, 2023 செப்டம்பரில் இருந்து வந்தே பாரத் வேறு ஓடும்போது, கூடுதல் காசு கொடுத்துப் பறந்து வருகிறவருக்கு நேரம்தான் பெரிசு. அவரிடம் 200 ரூபாய் குறைத்துக் கேட்பதால் மனம் மாறமாட்டார். சொன்ன நேரத்துக்கு வண்டி நிற்க வேண்டும், ஜிஎஸ்டி பில் கையில் வர வேண்டும், அவ்வளவுதான். விடுமுறையில் வருகிறவர் வேறு ரகம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சாரல், ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழா, ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், இடையில் நவதிருப்பதி, ஆதிச்சநல்லூர். இவர்களிடம் வண்டியைத் தனியாக விற்காமல் ஒரு முழுநாள் திட்டமாக விற்றுப் பாருங்கள்.

வண்டித் தொழிலில் பணத்தைத் தின்பது ரிட்டர்ன் காலிதான். திருநெல்வேலியில் இருந்து வாகைகுளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் டீசல் உங்கள் கணக்கில். என் மைத்துனர் முதல் வருஷம் இதில்தான் அடிபட்டார். வந்த விமானமேதான் திரும்பிப் போகிறது, நடுவில் அரைமணி நேரம்கூட நிற்காது என்பது பிறகுதான் உறைத்தது. போகிறவரை ரெண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவிட வேண்டும், ஏனென்றால் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதே வண்டி ஒன்றரை, ஒன்றே முக்கால் மணி நேரம் பொறுத்தால் வருகிறவரை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். எனவே போகிற சவாரி கிடைத்த உடனே அதே விமானத்தில் வருகிறவரைத் தேடி லாட்ஜுகளுக்கும் கம்பெனி ஆபீஸ்களுக்கும் போன் போட்டுவிட வேண்டும். வண்டி கண்டிப்பாக மஞ்சள் போர்டாக இருக்கட்டும். வெள்ளை போர்டில் ஓட்டி, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

உள்ளே வேலை வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் குறுக்குவழி கிடையாது. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் "கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை உறுதி" என்று சொன்ன ஒரு ஏஜென்டிடம் 40,000 ரூபாய் கொடுத்துவிட்டு இன்னும் போன் அடித்துக்கொண்டிருக்கிறான். மத்திய அரசின் விமான நிலைய ஆணைய வேலைக்குத் தேர்வுக் கட்டணம் தவிர யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பமும் அவர்கள் இணையதளத்தில் மட்டும்தான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி. போதும், இன்ஜினீயர்களும் எழுதலாம், பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு பேங்க் பரீட்சை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? தீயணைப்புப் பிரிவுக்குக் கனரக வாகன லைசென்ஸ் கையில் இருந்தால் நல்லது. லக்கேஜ் ஏற்றுவது, துப்புரவு, தள்ளுவண்டி, வீல்சேர் உதவி, பார்க்கிங் இதெல்லாம் ஒப்பந்தக்காரர் மூலம். இதற்கு லட்சக்கணக்கில் கட்டி ஏவியேஷன் டிப்ளமோ படிக்கத் தேவையில்லை. ஆனால் உள்ளே நுழைய பாஸ் வேண்டும், அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு, அடிதடி வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கோயில் கொடையில் கைகலப்புக்குப் போகும் தம்பிமார் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கவும்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு: ஏடிஆர் வயிற்றில் சரக்குக்கு இடம் கொஞ்சம்தான், டன் கணக்கில் அனுப்பும் கனவு இப்போதைக்கு வேண்டாம், கனமானது துறைமுகத்துக்கும் லாரிக்கும். ஆனால் திரும்பிப் போகிற ஒவ்வொருவரும் அல்வா வாங்காமல் போவதில்லை. பத்தமடைப் பாய், உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய், தூத்துக்குடி மக்ரூன் எல்லாம் கையில் தூக்கிப்போகும் சரக்கு. எண்ணெய் கசியாத டப்பா, உடையாத பெட்டி, எடை எழுதிய லேபிள் இந்த மூன்றையும் சரிசெய்தால் பாதி வியாபாரம் முடிந்தது. கொப்பரைத் தேங்காயை மட்டும் கட்டிக்கொடுத்துவிடாதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள், உங்கள் கடைக்குக் கெட்ட பெயர்.

கடைசியாக நிலம். "ஏர்போர்ட் அருகில்" என்று போர்டு போட்ட பிளாட்டை வாங்கும் முன் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள். மாடி கட்டுகிற எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியின் நிறம் பிரித்த வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். நாலு மாடி லாட்ஜ் என்று பிளான் போட்டுவிட்டு அப்புறம் மாடியைக் குறைக்கச் சொன்னால், பேங்க் லோன் நாலு மாடிக்குத்தான் வட்டி கேட்கும்.