வாண்டுகளின் கூத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் செய்யக் கூடாதவை

நாலு வயதுத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

"உனக்கு அண்ணன் இருக்கானா?"

"இருக்கானே!"

"அப்போ அண்ணனுக்குத் தம்பி இருக்கானா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லையே" என்பான்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே இதே மாதிரியான கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு 1920-களிலேயே எழுதிவைத்திருக்கிறார். சின்னப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களை எண்ணும்போது தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. அண்ணன் நிற்கும் இடத்திலிருந்து தன்னைப் பார்க்க அதற்கு இன்னும் வரவில்லை. நமக்குச் சிரிப்பு வந்தாலும் அந்தப் பதில் பிள்ளை யோசித்துச் சொன்னது. இது மனசில் இருந்தால் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்காது.

அதிகம் நடக்கும் தவறு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. "அத்தைகிட்ட சொல்லு", "தாத்தாவுக்கு போன்ல சொல்லு" என்று நாலு பேர் முன்னால் நிறுத்தினால், சில பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்னொரு பக்கம், ஏழு வயது அக்கா தானும் மழலையில் பேச ஆரம்பிப்பாள். தம்பிக்குக் கிடைத்த கைத்தட்டல் தனக்கும் வேண்டும் என்கிற ஏக்கம் அது. அப்போது "எருமை மாதிரி வளர்ந்துட்டு இது என்ன கொஞ்சல்?" என்று அவளைத் திட்டுவது அநியாயம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். சிரித்த கையோடு, "ஏன் அப்படிச் சொல்றே?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வரும் பதில் பெரும்பாலும் முதலில் சொன்னதைவிடச் சுவையாக இருக்கும்.

அடுத்தது தம்ளர் சண்டை. அக்காவுக்கு உயரமான கண்ணாடி தம்ளர், தம்பிக்குக் குட்டையான எவர்சில்வர் தம்ளர். பாதாம் பால் ஒரே அளவுதான். ஆனாலும், "அவளுக்கு மட்டும் நிறைய!" என்று தம்பி தரையில் உருளுவான். நீங்கள் அளந்து காட்டினாலும் நம்ப மாட்டான். ஆறேழு வயது வரைக்கும் உயரமாகத் தெரிவதுதான் அதிகம் என்று பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கும். ஒரே அளவு தண்ணீரை வேறு வடிவப் பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றிக் காட்டிய சோதனையில் பியாஜேயும் இதையேதான் பார்த்தார். ஆகவே, "பொய் சொல்றான், பிடிவாதம் பிடிக்கிறான்" என்று முதுகில் ஒன்று வைப்பது தப்பு. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தம்ளர் வாங்கிவிடுங்கள். பெரிய பிள்ளைகள் என்றால், ஒருத்தர் ஊற்ற மற்றவர் முதலில் எடுக்கட்டும். ஊற்றுகிற கை அவ்வளவு கவனமாக ஊற்றும்.

நம் வீடுகளில் காலம் காலமாக நடக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." இதைச் சித்தப்பா சொல்வார், பாட்டி சொல்வார், அவர்களிடம் கேட்டுக்கொண்டு மூத்தவனும் சொல்வான். தங்கச்சியோ அழுதுகொண்டே, "எவ்ளோ தவிடு குடுத்தீங்க?" என்று கேட்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் கேட்டது நிஜமான கேள்வி. வேடிக்கை எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வயது. தவிட்டுக்கு வாங்கியவளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் ராத்திரி படுக்கையில்தான் வரும். விருந்துக்கு வந்தவர்கள், "பாப்பாவை நான் தூக்கிட்டுப் போயிடவா?" என்று மூத்த பிள்ளையைச் சீண்டுவதும் இதே ரகம். உறவினர் மனம் கோணுமே என்று பேசாமல் இருக்காதீர்கள். "யாரையும் யாருக்கும் குடுக்க மாட்டோம்டா" என்று பிள்ளையின் காதில் விழும்படி அங்கேயே சொல்லிவிடுங்கள்.

சில சமயம் மூத்த பிள்ளையே, "பாப்பாவை ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்துடலாம்" என்று யோசனை சொல்லும். விட்டுப்போன பால்புட்டியைத் திரும்பக் கேட்கும், படுக்கையை நனைக்கும். "சீ, அப்படிச் சொல்லக் கூடாது" என்று அடக்கினால், அந்த நினைப்பு வெளியே வராமல் உள்ளேயே இருக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பகுதியில் 40 குடும்பங்களைக் கவனித்த ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். கைக்குழந்தைக்கு என்ன வேண்டியிருக்கும், அதற்கு எப்படி இருக்கும் என்று மூத்த பிள்ளையோடு அம்மா பேசிய வீடுகளில் பிள்ளைகளுக்குள் பிற்பாடு ஒட்டுதல் கூடுதலாக இருந்தது. "பாப்பா ஏன் அழறா? பசிக்குதா, தூக்கமா? நீ சொல்லு" என்று மூத்ததிடம் யோசனை கேட்பது எந்த வீட்டிலும் முடிகிற காரியம்.

சிரிப்பும் ஆபத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம்கூட இளக்கம் காட்டாதீர்கள். பாப்பாவுக்கு மேக்கப் போடுகிறேன் என்று அக்கா பவுடர் டப்பாவையே கவிழ்ப்பாள். போனைத் தேடி ஓடாமல் முதலில் பாப்பாவைத் தூக்குங்கள், அந்தத் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. பாசத்தில் நிலக்கடலையோ முறுக்குத் துண்டோ ஊட்டினாலும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ரிமோட், பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். சந்தேகம் வந்தால்கூட வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

"இவன் சமத்து, அவள் வாலு" என்று பட்டம் கட்டாதீர்கள். குளிக்கும்போதும் அழும்போதும் எடுத்த வீடியோவை ஊருக்கு அனுப்பாதீர்கள். பத்து வருஷம் கழித்து அதே பிள்ளை வகுப்பில் தலைகுனிய வேண்டியிருக்கும்.

வீடியோவுக்குப் பதிலாக, பிள்ளைகள் சொல்வதை எழுதிவையுங்கள். பியாஜேயும் தன் மூன்று பிள்ளைகள் சொன்னதையும் செய்ததையும் குறித்துவைத்தவர்தான். மதியம் தூங்காத ஒரு நாள் அவர் மகள், நான் தூங்கவே இல்லை, அதனால் இது மதியமே இல்லை என்று வாதாடியதும் அதில் இருக்கிறது. எழுதும்போது பிள்ளையின் பேச்சைத் திருத்தி அழகாக்குவது எல்லோரும் செய்யும் பிழை. "நேத்து" என்று அடுத்த வாரத்தைச் சொன்னால் "நேத்து" என்றே எழுதுங்கள். தேதி, இரண்டு பேரின் வயது, மற்றது சொன்ன பதில் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தம்பி சொன்னதைவிட அதற்கு அக்கா கொடுத்த விளக்கம்தான் பல நாள் தூக்கலாக இருக்கும்.