ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கும் முன்

பழைய மாருதி 800 போன்ற கார்களில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான்; சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து பிரேக் ஷூக்கள் என்னும் வளைந்த கட்டைகள் அழுத்தி நிறுத்தும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், பின்பிரேக் வலுவிழந்திருப்பது ஓட்டுபவருக்கு எளிதில் தெரியாது. ஹேண்ட்பிரேக் லீவர் வழக்கத்தைவிட மேலே வரும்போதுதான் சந்தேகமே எழும். உடனே கேபிளை இறுக்கிவிடலாம் என்பார்கள்; தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கேபிள் விறைப்பாக நின்றால் பிரேக் ஷூக்கள் முழுதாகப் பின்வாங்காது. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது.

பிரேக் பெடலை ஒருமுறை மிதித்து, உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாவது முறை பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

டிரம்மைக் கழற்றியதும் அட்ஜஸ்டரைப் பாருங்கள். துருவேறி இறுகிப்போயிருப்பது மிகச் சாதாரணம். அடுத்து, பிரேக் ஆயில் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே பிரேக் ஆயில் கசிந்திருந்தால் சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவி மாட்டவே கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள்.

தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூ இடைவெளியைச் சரிசெய்த பிறகும் லீவர் மேலே வந்தால் மட்டும் கேபிளைத் தொடுங்கள்.