சொட்டுக் கணக்கா? மூன்றால் வகுங்கள்

சலைன் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று தெரிய, மணிக்கு எத்தனை மில்லி போக வேண்டுமோ அதை 3-ஆல் வகுத்தால் போதும். 500 மில்லி பாட்டில் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லி. நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. வாளையாறு தாண்டி பாலக்காட்டுப் பக்கம் நர்சிங் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு, வார்டில் சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்கும்போது கைகொடுக்கும்.

வார்டில் பரவலாக இருக்கும் ஐவி செட்டில் (பாட்டிலிலிருந்து சலைனை நோயாளிக்குக் கொண்டுபோகும் குழாய்) 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. 20-ஆல் பெருக்கி 60 நிமிடத்தால் வகுப்பதும், நேராக 3-ஆல் வகுப்பதும் ஒன்றுதான். குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை முதலில், 42 சொட்டு வேண்டுமானால், 15 வினாடிக்குப் பத்துப் பதினொரு சொட்டு விழும்படி திருகி வைத்து, அப்புறம் முழு நிமிடம் எண்ணிச் சரிபாருங்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும், மறுபடியும் எண்ணத்தான் வேண்டும்.

செட்டின் கவரைப் படிக்காமல் வகுக்காதீர்கள். 15 சொட்டு செட் என்றால் 4-ஆல் வகுக்க வேண்டும். குழந்தைகள் வார்டின் மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அங்கே மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. தேர்வுத்தாளில் முழுச் சூத்திரத்தையும் எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். தானே அளந்து செலுத்தும் பம்பில் போகும் மருந்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். பொட்டாசியம், டோபமின் மாதிரி மருந்துகளுக்கு மனக்கணக்கே கூடாது.